கிழக்குப் பக்கத்து ஜாக்கிகள்

கிரூனா, சுவீடன்
22-8-2025

அன்புள்ள சௌகத்துக்கு,

தீனதயாளன் எழுதுகிறேன். வெளிநாட்டுத் தபால்தலையைப் பார்த்து யாரென்று தெரியாமல் பிரித்திருப்பாய். பிரித்துவிட்டாய் அல்லவா, இனி படித்துத்தான் ஆக வேண்டும். மூன்று வருடமாக என் போனை நீ எடுப்பதில்லை. என் நம்பரையே பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்று உன் வீட்டில் ஷாஜாதி தங்கச்சி என் மனைவி ரேணுகாவிடம் சொன்னாளாம். காகிதத்தை எப்படி பிளாக் செய்வாய் என்று நானும் பார்க்கிறேன்.

நானும் ரேணுகாவும் மகள் கீர்த்தனாவைப் பார்க்க வந்து பதினைந்து நாள் ஆகிறது. உலக வரைபடத்தில் இதற்கு மேல் ஊரே கிடையாது என்று நாம் நினைப்போமே, அங்கே இருக்கிறது இந்த ஊர். இரும்புத் தாது தோண்டுவதற்காகவே உண்டான ஊர். நம் கீர்த்தனாவுக்கு அந்தச் சுரங்கத்தில்தான் வேலை. ஊருக்கு அடியில் தோண்டித் தோண்டி நிலம் இறங்குகிறது. எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. ஆகஸ்ட் மாதத்தில் நான் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, தலைக்குக் குரங்குக் குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு நடக்கிறேன். இங்கே உள்ளவர்கள் அரைக்கை பனியனில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

சௌகத், விஷயத்துக்கு வருகிறேன். நிலம் இறங்குகிறது என்றேனே, அதற்கு இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஊரையே பெயர்த்துத் தள்ளி வைக்கிறார்கள்! சில வீடுகளை அப்படியே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வேறு இடத்தில் இறக்கியிருக்கிறார்கள். முந்தாநாளும் அதற்கு முந்தைய நாளுமாக ஒரு தேவாலயத்தை நகர்த்தினார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட மரக் கட்டடம். செக்கச்செவேல் என்று இருக்கிறது. அறுநூறு டன்னுக்கு மேல் எடை. ஒரு பலகையைக் கழற்றவில்லை. ஐந்து கிலோமீட்டர், இரண்டு நாள். நம் வேதாசலம் நகரில் அம்மன் தேர் வரும் வேகம்கூடக் கிடையாது, தவழும் குழந்தை முந்திவிடும். ஊரே தெருவில் நின்றது. நானும் இரண்டு நாளும் நின்றேன். ரேணுகா சாப்பிடக் கூப்பிட்டதற்குக்கூடப் போகவில்லை.

கூட்டத்தில் எல்லோரும் கட்டடத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் குனிந்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பழக்கிய பழக்கம். நாற்பது வருடத்தில் எத்தனை வீட்டுக்கு அடியில் என்னைக் கூட்டிப் போய் "இத பாரு மச்சான், எவ்ளோ அழகா ஒக்காந்துகினு கீது" என்று காட்டியிருப்பாய்! சக்கரங்களை எண்ணத் தொடங்கினேன். நூற்று எண்பதைத் தாண்டும்போது கீர்த்தனா இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர் இருந்தார்கள். ஆனால் இதை உன்னைப் போலப் பார்த்து அனுபவிக்கிறவன் ஒருவனும் இல்லை. நீ பக்கத்தில் இல்லையே என்று வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் பக்தியால் அழுவதாக நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சாலை உயர்ந்து பள்ளமாகிப்போன என் வீட்டை நீ ஜாக்கி வைத்துத் தூக்கப் போய் நம் சிநேகிதம் உடைந்தது. சுவர் விரிசலைப் பூசிவிட்டேன், வீடு இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது; நம் விரிசல் மட்டும் பூசப்படவில்லை. எனக்கு உன் பேச்சு வேண்டும் சௌகத். திட்டியாவது ஒரு வரி எழுது. விலாசம் பின்னால் இருக்கிறது.

உன்
தீனன்


கோவளம்
9-9-2025

தீனதயாளனுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. சந்தேகம் கேட்க எழுதுகிறேன்.

அந்தத் தேவாலயம் நகர்வதைப் பேத்தி அஃப்ஷீன் போனில் காட்டினாள். போட்டுப் போட்டுப் பார்த்தேன். படம் எடுத்தவன் எல்லாம் கோபுரத்தையே எடுத்து வைத்திருக்கிறான், அடியில் ஒருத்தனும் கேமராவைக் காட்டவில்லை. மடையர்கள். நீ குனிந்து பார்த்தேன் என்கிறாய், அதனால் கேட்கிறேன்.

முதலில் எடையை எதன் மேல் வாங்கினார்கள்? மரக் கட்டடம் என்றால் கீழே கல் அடித்தளமா, அதை வெட்டினார்களா, விட்டுவிட்டார்களா? இரும்பு உத்திரம் குறுக்கே எத்தனை அடிக்கு ஒன்று? சாலை மேடு பள்ளமாக இருந்தால் மட்டம் எப்படிக் காத்தார்கள்? திருப்பத்தில் எப்படித் திரும்பியது? கண்ணாடி உடைந்ததா? உள்ளே சாமான் இருந்ததா, காலி செய்தார்களா? கட்டளை கொடுத்தது யார், எப்படிக் கொடுத்தார்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். என்னை வீழ்த்தியது அதுதான்.

இங்கே சொல்ல ஒன்றும் இல்லை. நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் பதிக்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். இரண்டு வருடம் ஆகிறது. நூற்று நாற்பது ஜாக்கியும் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கின்றன. உன் வீட்டுக்குப் பிறகு நான் ஒரு வீட்டையும் தொடவில்லை. எண்பத்தாறு வீடு தூக்கினேன், எண்பத்தாறிலும் ஒரு கீறல் விழவில்லை. எண்பத்தேழாவது என் சிநேகிதன் வீடு, அதில் ஜன்னலிலிருந்து கூரை வரை பிளந்தது. உன் தெருவே நின்று பார்த்தது. கட்டளையில் எங்கே தப்ப விட்டேன் என்று இன்று வரை தெரியவில்லை. தெரியாமல் அடுத்தவன் வீட்டுக்கு அடியில் எந்த முகத்தோடு ஜாக்கி வைப்பது?

கேட்டதற்குப் பதில் எழுது. மற்றது வேண்டாம்.

எம். சௌகத் அலி


கிரூனா
25-9-2025

அன்புள்ள சௌகத்துக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. "எம். சௌகத் அலி" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், போஸ்ட் மாஸ்டருக்கு எழுதுவது போல! போகட்டும், எழுதினாயே. ரேணுகா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

உன் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு இன்று காலையே புறப்பட்டேன். கீர்த்தனா வீட்டுக்கு மேல் மாடியில் ராக்னர் என்று ஒருவர் இருக்கிறார், எழுபத்தொரு வயது, முப்பத்தைந்து வருடம் சுரங்கத்தில் இருந்தவர். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் ஒரே தரம், அதனால் நன்றாகப் புரிந்துகொள்கிறோம். பழைய இடம், புதிய இடம் இரண்டையும் கூடவே வந்து காட்டினார்.

தேவாலயத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் அடித்தளத்தையும் தோண்டி எடுத்துவிட்டு, இரும்பு உத்திரங்களை நெருக்கமாகச் சொருகியிருக்கிறார்கள். எத்தனை அடிக்கு ஒன்று என்று அவருக்குத் தெரியவில்லை. அதன் அடியில் இரண்டு நீள வண்டிகள் நுழைந்து, தாமே எழும்பித் தூக்கிக்கொண்டன. வண்டியே ஜாக்கி! பள்ளத்தில் ஒரு சக்கரம் தாழும், மேட்டில் இன்னொன்று மடங்கும், மேலே மட்டம் மாறாது. சக்கரங்கள் தனித்தனியாகத் திரும்பும். கண்ணாடி ஒன்றும் உடையவில்லை. உள்ளே இருந்த பெரிய ஓவியமும் ஆர்கன் வாத்தியமும் பொதிந்து கட்டப்பட்டு உள்ளேயே பயணம் செய்தன. வழியெல்லாம் சாலையை இரண்டு மடங்குக்கு மேல் அகலப்படுத்தி, ஒரு பாலத்தையே இடித்தார்களாம். உனக்கு ஒரு வேப்பங்கிளையை வெட்டவே நகராட்சியில் நாலு நாள் நிற்க வைத்தார்கள்.

இன்னொரு அதிசயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து தாது ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் போகிறது. அறுபத்தெட்டு வேகன்! தண்டவாள ஓரம் நின்று ஒன்றொன்றாக எண்ணினேன். கடைசி வேகன் போனபோது என் கை தானாகக் கொடி காட்ட எழுந்தது. கார்டு வேலையிலிருந்து ரிடையர் ஆகி நாலு வருடம் ஆகியும் அந்தக் கை அடங்க மாட்டேன் என்கிறது.

இனி உன் கடைசிக் கேள்வி. கட்டளை கொடுத்தது ஒரே ஒரு ஆள். கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான். அத்தனை கூட்டத்திலும் வேறு ஒருவரும் அவன் வேலையில் வாய் வைக்கவில்லை, கை நீட்டவில்லை.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அழுதேன். போன கடிதத்தில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்கிறேன். முழுவதும் படி, நடுவில் கிழித்துவிடாதே.

உன் வேலை முறை எனக்கு நன்றாகத் தெரியும். மேஸ்திரி செங்கல்வராயன் வாசலில் நின்று விசில் ஊதுவான். ஒரு ஊதலுக்கு எல்லோரும் ஜாக்கியைக் கால்வாசிச் சுற்று திருப்ப வேண்டும். அவ்வளவுதான் விதி, எத்தனை ஊதல் என்று எண்ணுவதும் அவன்தான். அன்று என் வீடு இரண்டடி எழும்பியிருந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நான் கிழக்குச் சந்தில் நின்றேன். அங்கிருந்த ஆட்களில் ஒருவன், "சார், விசிலே சரியா கேக்க மாட்டேங்குது" என்றான்.

என் சட்டைப் பையில் என் கார்டு விசில் இருந்தது. முப்பத்தாறு வருடம் நான் ஊதினால் ரயில் கிளம்பியிருக்கிறது. உனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டேன். செங்கல்வராயன் ஒரு முறை ஊதியதும் நானும் ஒரு முறை ஊதினேன். ஆனால் கிழக்குப் பக்கத்துக்கு அவன் விசிலும் கேட்டிருக்கிறது, என் விசிலும் கேட்டிருக்கிறது. இரண்டுக்கும் திருப்பியிருக்கிறார்கள். வீட்டுக்கு அடியில் குனிந்திருந்த ஆட்களுக்கு ஊதுவது யார் என்று எப்படித் தெரியும்? பத்து நிமிடம் நான் ஊதினேன் சௌகத். என் விசில் எட்டாத மேற்குப் பக்கம் ஒரு பங்கு எழும்பக் கிழக்குப் பக்கம் இரண்டு பங்கு எழும்பியது. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது.

நீ ஓடி வந்தாய். கிழக்குப் பக்கத்து ஆட்கள் "விசிலுக்குத்தான் திருப்பினோம்" என்றார்கள். செங்கல்வராயன் "நான் சரியாத்தான் ஊதினேன்" என்றான். கணக்கை விட்டுவிட்டுப் பொய் சொல்கிறான் என்று தெருவே பார்க்க நீ அவனை அறைந்தாய். நான் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றேன். ரேணுகா உன்னைப் பார்த்து "நம்பிக் குடுத்தோமே அண்ணே" என்று கத்தினாள். அப்போதும் நின்றேன். அவளுக்கும் நேற்றுதான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

உன் வேலையில் ஒரு தப்பும் இல்லை. உன் மேஸ்திரியிடமும் இல்லை. தப்பு என்னுடையது.

தீனன்


கோவளம்
13-10-2025

தீனதயாளா,

உன் கடிதம் வந்ததும் நான் என்ன செய்தேன் என்று உள்ளபடி சொல்கிறேன். வாசலில் நின்றபடியே படித்தேன். விசில் கதைக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். முடித்ததும் எழுந்து குதித்தேன். ஆமாம், அறுபத்திரண்டு வயதில், லுங்கியோடு, தெருவில்! "என் கையில தப்பில்ல ஷாஜாதி, எண்பத்தேழும் சுத்தம்!" என்று கத்தினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்துப் போட்டேன். ஒரு ஜாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடமாக நான் அதைத் தொடக்கூட இல்லை. எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கினாய் என்று உனக்குத் தெரியாது.

பொழுது சாயும்வரைதான் அந்தச் சந்தோஷம். அப்புறம் செங்கல்வராயன் முகம் வந்தது.

பதினெட்டு வருடம் என்னோடு இருந்தவன். நான் அடித்தபோது கையைக்கூட ஓங்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நீ அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்டா. "போடா கார்டு, வூட்ட இன்னா எலெக்ட்ரிக் ட்ரெயின்னு நெனச்சியா" என்று கேட்டுவிட்டு, இறக்கி மறுபடி தூக்கியிருப்பேன். விரிசல் என்ன பெரிய விரிசல்! ஒரு மூட்டை சிமென்ட். நீ வாயைத் திறக்காததால் ஒருத்தன் பிழைப்பும் மானமும் போய்விட்டன.

அவன் இப்போது மதுராந்தகம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாளைக்கே போகிறேன். அடித்தது என் கை, அதற்கு நான்தான் போக வேண்டும். உன் பங்கு உன்னுடையது. அதை நான் உனக்காகச் சொல்ல மாட்டேன்.

அவனைப் பார்க்காமல் எனக்கு எழுதாதே. போனும் செய்யாதே. அவனிடம் போகவில்லை என்றால் இதுதான் நமக்குள் கடைசிக் கடிதம்.

சௌகத்


செங்கல்பட்டு
9-11-2025

அன்புள்ள சௌகத்துக்கு,

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினோம். புதன்கிழமை மழை. வியாழக்கிழமை மதுராந்தகம் போனேன். ரேணுகா தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். தனியாகப் போக வேண்டிய இடம்.

ஏரி நிறைந்து கிடக்கிறது. ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரம். பத்துப் பன்னிரண்டு பேர் தாழ்வாரத்தில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். செங்கல்வராயன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "இன்னா சார், வூடு எப்டி கீது?" என்றான். அதுதான் அவன் முதல் கேள்வி.

எல்லார் முன்னாலும் சொன்னேன். ஓரமாகப் போய்ப் பேசலாம் என்று அவன் கூப்பிட்டான், நான் போகவில்லை. விசில், சந்து, பத்து நிமிடம், பையில் போட்டுக்கொண்டது, எல்லாம் சொன்னேன். அவன் கை கழுவாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "அப்போ நான் கணக்கு வுடலியா சார்?" என்றான்.

"இல்லப்பா, நீ ஒண்ணுகூட வுடல."

"மொதல்ல நான் வுடலன்னுதான் சொல்லிகினு இருந்தேன் சார். அப்பறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, வுட்டுட்டேன் போலன்னு நானே நம்பிட்டேன். இங்க மூட்ட எண்ணுற வேலதான் மொதல்ல குடுத்தாங்க. பயந்துகினு வேணாம்னுட்டு, தூக்குற வேலைக்கி வந்துட்டேன்."

சௌகத், அதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. காலில் விழப் போனேன், பிடித்துக்கொண்டான். அடி என்று கன்னத்தைக் காட்டினேன், மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்த் தன் மனைவி செல்லம்மாவிடம் இன்னொரு முறை முழுவதும் சொல்ல வைத்தான். அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சொல்லி முடித்ததும், "அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாள்.

நீ போன மாதமே வந்ததை அவன்தான் சொன்னான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாயாம். "தப்பு உன்னுது இல்ல, யாருதுன்னு அந்தாளே வந்து சொல்லுவான்" என்று மட்டும் சொன்னாயாம். என் பெயரைச் சொல்லவில்லையாம். நான் வருவேன் என்று நீ நம்பியிருக்கிறாய். அதைக் கேட்டுத்தான் பஸ்ஸில் வரும்போது எனக்கு மூச்சு சீராக வந்தது.

மன்னிப்பைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "யோசிச்சி சௌகத் பாய்கிட்ட சொல்றேன்" என்றான். சொல்லட்டும். நான் காத்திருக்கிறேன்.

உன்
தீனன்


கோவளம்
17-11-2025

அன்புள்ள மச்சானுக்கு,

நேற்று செங்கல்வராயன் வந்தான். இங்கே பெய்கிற மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு வந்து, ஷாஜாதி டீ போடுவதற்குள் கொட்டகைக்குள் போய்விட்டான். நூற்று நாற்பது ஜாக்கியையும் எண்ணினான். அவனே எண்ணினான்டா, சத்தமாக, ஒன்றிலிருந்து! பதினோரு ஜாக்கிக்கு மரை துருப்பிடித்துவிட்டது, மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்திருக்கிறோம். "பாய், மொதல்ல அந்த கார்டு வூட்ட நேராக்கணும். அத்த வுட்டுட்டு வேற வேல எடுக்கக் கூடாது" என்றான். நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அதுவேதான்.

தை பிறந்து, மண் இறுகியதும் வேலை. இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன், சும்மா நேராக்கிவிட்டுப் போக மாட்டேன். உன் வீட்டு வாசல் சாலையை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் பத்தடி காலி மனை கிடக்கிறது. இரும்பு உத்திரத்தின் மேல் உருளை வைத்து, வீட்டை ஆறடி பின்னால் நகர்த்தப் போகிறேன்! சிரிக்காதே. எண்பத்தேழு வீட்டையும் மேலேதான் தூக்கினேன், நகர்த்தினதே இல்லை. அந்த ஊர்க்காரன் ஐந்து கிலோமீட்டர் நகர்த்துவான், நான் ஆறடி நகர்த்த மாட்டேனா? மூன்று நாளாகத் தூக்கமில்லை, வரைந்துகொண்டே இருக்கிறேன். அஃப்ஷீனின் நோட்டில் இனி வெள்ளைப் பக்கம் கிடையாது. சாலை அகலம், உத்திர இடைவெளி எல்லாம் கீர்த்தனாவைக் கேட்டு எழுதி அனுப்பச் சொல். அந்த ராக்னரையும் கேள். ரேணுகா தங்கச்சி சாமான் கட்டத் தொடங்கட்டும். வேலை முடியும் வரை நீங்கள் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், ஷாஜாதி மேல் அறையைக் காலி செய்துவிட்டாள்.

என் கோபம் இன்னும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். போகிறபோது போகட்டும், அதற்காக வேலையை நிறுத்தி வைக்க முடியாது.

உன்னை என்ன செய்வது என்று செங்கல்வராயனைத்தான் கேட்டேன். மூன்று வருடம் அவனுடையது, தண்டனையும் அவன்தான் சொல்ல வேண்டும். டீயைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தான். வேலை நாளில் நீ வேடிக்கை பார்க்க நிற்கக் கூடாதாம். கிழக்குச் சந்தில், வீட்டுக்கு அடியில், மற்ற ஆட்களோடு குனிந்து உட்கார வேண்டுமாம். ஐந்து ஜாக்கி உன் பொறுப்பு. அவன் ஊதுவான், நீ கால்வாசி திருப்புவாய்.

முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு வராதே.

சௌகத்